மூடாத மேற்கோள்

அடையாற்று ஆராய்ச்சி நிலையத்தில் நீரஜாவும் பத்ரிநாராயணனும் சேர்ந்து எடிட்டர் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் டெர்மினலில் புரோகிராம் அடிக்கும்போதே எந்த வரியில் பிழை என்று அது சொல்ல வேண்டும். எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்சர் பத்ரியுடையது. அந்தச் சொற்கள் இலக்கணப்படி அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் பார்சர் நீரஜாவுடையது. இருவருக்கும் ஜாதகம் பொருந்தி, தையில் நிச்சயதார்த்தம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் அது.

ஐப்பசி மழையோடு எடிட்டரும் தகராறு செய்ய ஆரம்பித்தது. சில புரோகிராம்களில் பாதிக்குப் பிறகு வரும் எல்லா வரியும் தப்பு என்றது. பிழைச் செய்தியை அச்சிடுவது பார்சர் என்பதால் பழி நீரஜாமேல் விழுந்தது. பிரிவுத் தலைவர் ராஜகோபாலன் அவளை அழைத்தார்.

"கல்யாண சமயம், மனசு வேலையில நிக்காது. தப்பு சொல்லலைம்மா. அடுத்த வாரத்துலேர்ந்து கார்டு பஞ்ச் பண்ற பிரிவைப் பார்த்துக்கோ."

அவள் பத்ரியிடம் போனாள். "உங்க லெக்சர் என்ன அனுப்பறதுன்னு ஒரு தடவை பார்த்துடலாமே."

"அது ஆரம்பத்துலேர்ந்து ஒழுங்கா ஓடிண்டிருக்கே, நீரஜா."

அவளே பார்த்தாள். லெக்சர் அனுப்பும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக அச்சிட வைத்தாள். ஒரு விஞ்ஞானி தன் குறிப்பு வரியில் 'டோன்ட்' (don't) என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மனிதர் படிக்க மட்டுமே எழுதும் குறிப்பு வரியை லெக்சர் தாண்டிப் போயிருக்க வேண்டும். அதுவோ அந்தச் சொல்லின் நடுவிலிருந்த குறியை மேற்கோளின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த மேற்கோள்குறி வரை எல்லாவற்றையும் ஒரே சொல்லாக விழுங்கியிருந்தது. அதன் பிறகு மேற்கோளுக்கு உள்ளே இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே.

தாளைப் பத்ரியிடம் காட்டினாள். அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

"நானே சார்கிட்ட சொல்லிடறேன். நீங்க சொன்னா நன்னா இருக்காது."

லெக்சரைத் திருத்தியதும் மறுநாள் எடிட்டர் சரியாக ஓடியது. எல்லோர் முன்னிலையிலும் ராஜகோபாலன் பத்ரியின் முதுகில் தட்டினார். "பார்சரையும் நீயே சரிபண்ணிட்டியே!"

பத்ரி பிரின்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீரஜா சற்றுக் காத்திருந்தாள்.

"சார், தப்பு லெக்சர்ல இருந்தது. கண்டுபிடிச்சது நான்."

ராஜகோபாலன் சிரித்தார். "ஆம்படையானா வரப்போறவனை இப்படியா விட்டுக்கொடுக்கறது?"

அறையே சிரித்தது. பத்ரியும் சிரித்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் பத்ரி குடையோடு ஓடி வந்தான். "எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. உங்களுக்கு எப்படியும் கல்யாணத்துக்கப்புறம்..."

அவள் குடைக்குள் போகவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

மயிலாப்பூரில், ஈரப் புடவையோடேயே அம்மா கோமளத்திடம் சொன்னாள். "இந்த இடம் வேண்டாம்மா."

"ஏன்டி? குடிக்கறானா?"

"இல்லை."

"வேற பொண்ணு யாராவது?"

"இல்லைம்மா. நான் பண்ணின வேலையை அவர் பண்ணினதா எங்க சார் சொன்னார். தெரிஞ்சும் இவர் பேசாம நின்னார்."

கோமளம் அவளையே பார்த்தாள். "இதைப் போய் ஒரு காரணம்னு அவா ஆத்துல எப்படிடி சொல்றது?"

சொல்லவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளை வீட்டார்தான் வேண்டாம் என்றார்களாம் என்று தெருவில் பேச்சு நிலைத்தது.

ராஜகோபாலன் மாற்றலை ரத்து செய்யவில்லை; பஞ்ச் பிரிவில் நீரஜா மற்றவர்களின் புரோகிராம்களைக் கார்டுகளில் துளையிட்டாள். எடிட்டர் விஞ்ஞானிகளுக்குப் பிடித்துப்போனது. தை பிறந்தது. அப்பா அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தியிருந்தார்.