கோபித்துக்கொண்டு போன மணல்மேடு

“அத்தை, மேடு யார்கிட்ட கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பி வச்சிருக்கு?” என்று ஒரு சிறுமி கேட்ட அதே வாரத்தில், கடற்கரைத் தெருவுக்கு முன்னால் நெடுங்காலமாக இருந்துவந்த மணல்மேடு எழுந்து போய்விட்டது. விடியற்காலையில் பால் வாங்க வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். வாசலில் நின்றால் நேராகக் கடல் தெரிந்தது. மேடோ ஊருக்குள் நடந்து, கடைவீதியில் ஒரு பலகையைக்கூடச் சாய்க்காமல் திரும்பி, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த காலிமனையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

சிறுமி கேட்டது தன் தாய்மாமன் மனைவியிடம். அவள் கரையோரப் பாதுகாப்பு அலுவலகத்தில் மணல்மேடுகளின் ஆபத்தை மதிப்பிடுகிறவள். ஊரில் அவளுக்கு மேட்டம்மா என்று பெயர். உயரம், சரிவு, காற்று குடைந்த பள்ளம், ஆட்கள் ஏறி இறங்கிய தடம் எல்லாவற்றையும் அளந்து, எந்த மேடு புயலைத் தாங்கும், எது தாங்காது என்று சொல்வது அவள் வேலை. இந்த மேட்டுக்கு ‘ஆபத்தில்லை’ என்று எழுதி, சுத்தத்துக்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருந்தாள். கோபதாபங்களுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. “மேட்டுக்கு ஏது கண்ணு மூஞ்சி?” என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சுத்தத்துக்குக் காரணம் சிறுமியின் தாய், மேட்டம்மாவின் நாத்தனார். தையல்காரி. தெருவில் முதல் வீடு அவளுடையது, அடுத்த வீடு மேட்டம்மாவுடையது. தையல்காரியின் தலைமையில் தெருப் பெண்கள் வாரம் தவறாமல் இரும்புப் பல் வைத்த வாரிகளோடு மேட்டில் ஏறுவார்கள். அலை ஒதுக்கிய கடற்பாசி, காய்ந்த சருகு, படர்ந்த அடம்பன் கொடி, முள்ளுப்புல் என்று ஒன்று விடாமல் இழுத்துக் குவித்து எரிப்பார்கள். மேடு வழித்தெடுத்த வெண்கலப் பாத்திரம்போல மின்னியது. வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் அதில் கெட்ட எண்ணம் கிடையாது.

பணிமனை மேலாளர் தொலைபேசியில் மேட்டம்மாவிடம் கத்தினார். “பஸ்ஸைத் திருப்ப இடமில்லை மேடம்! உங்க மேட்டை வந்து கூட்டிட்டுப் போங்க!” கரையோர அலுவலகத்துப் பொறியாளர் லாரிகளை அனுப்பினார். மணலை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டு லாரி திரும்புவதற்குள், அந்த மணல் குறுக்கு வழியில் அதற்கு முன்னாலேயே பணிமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓட்டுநர்கள் சலித்துப்போய் வண்டியை ஓரங்கட்டினார்கள். கடைசியில் பொறியாளர் தலையைச் சொறிந்துகொண்டு, புயல் பருவத்துக்குள் மேடு திரும்பாவிட்டால் தெருவை இடித்துவிட்டு அந்த இடத்தில் கல்சுவர் எழுப்ப வேண்டியதுதான் என்றார். வீடுகளுக்கு அறிவிப்பு ஒட்டப்பட்டது.

மேட்டம்மா வெறுங்கையோடு பணிமனைக்குப் போய், அன்று முழுவதும் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காற்று வீசும்போதெல்லாம் மேடு, காய்ச்சல்காரனைப்போல நடுங்கி, தன் மணலைத் தானே கையால் பொத்திப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. பிடிக்க அதற்கு எதுவும் இல்லை. அவள் எழுந்து நேராக நாத்தனார் வீட்டுக்கு வந்தாள்.

“இனிமே அந்தப் பாசியை எடுக்கக் கூடாது. கொடியையும் நாமளே கொண்டுவந்து நடணும்.”

“என்ன அண்ணி பேசுறீங்க? குப்பையை வாசல்ல கொட்டி வரவேற்கச் சொல்றீங்களா?”

“பாசிதான் அதுக்குச் சோறு. கொடிதான் அதுக்கு முடி. நான் வேற அதுக்கு மார்க் போட்டுத் தொலைச்சேன்.”

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். “தலை வாரி விடுறேன்னு போய் மொட்டையடிச்சு விட்டுட்டோமா?” என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த வாரியின் பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மறுநாளிலிருந்து தெருவே வெறும் கரையில் குனிந்திருந்தது. பக்கத்துக் கரைகளிலிருந்து கொடித்துண்டுகள் வந்தன. முதலில் நட்டவை கருகின. பிறகு நெருக்கி நட்டார்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? பாசி ஒதுங்கிய இடத்திலேயே கிடந்து நாறியது; மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்தார்கள். கண்ட இடத்தில் நடக்காமலிருக்க, தெருவிலிருந்த தச்சர் கால் நட்டுப் பலகைப் பாதை ஒன்று போட்டுக்கொடுத்தார். லாரி ஓட்டுநர்கள்கூட ஓய்வு நேரத்தில் தண்ணீர் சுமந்தார்கள். மேட்டம்மா ஒவ்வொரு கொடிக்கும் ஒரு சின்னப் பிரார்த்தனை செய்தாள். பெரிய காரியங்களைக் கடவுள் சின்னக் கைகளிடம்தான் கொடுத்தனுப்புகிறார் என்பது அவள் நம்பிக்கை.

வானம் கறுத்துவந்த ஒரு மத்தியானம், எல்லாரும் தையல்காரி வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேடு தெருமுனையில் திரும்பி வந்தது. மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க வந்ததுபோல, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தது. தச்சர் தட்டோடு எழுந்தார்.

“உக்காருங்க அண்ணே! யாரும் வெளியே பாக்காதீங்க,” என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள். “கோவிச்சுக்கிட்டுப் போனவங்க திரும்பி வரும்போது வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தா மறுபடியும் போயிடுவாங்க. எனக்குத் தெரியும். நானே ரெண்டு தடவை போயிருக்கேன்.”

எல்லாரும் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மேடு கொடிகளுக்கு அடியில் நுழைந்து, இடம் பார்த்து, பெருமூச்சு விட்டு அமர்ந்தது. எங்கே போயிருந்தாய் என்று அதை யாரும், அன்றும் சரி பிறகும் சரி, கேட்கவில்லை. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, அறிவிப்புகளைத் தானே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

புயல் அந்த வார இறுதியிலேயே வந்தது. கடல் மேட்டின் இடுப்புவரை ஏறி, முன்பக்கத்தைக் கடித்துத் தின்றது. மேடு கொடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. தெருவுக்குள் காற்றும் மணலும் வந்தன, தண்ணீர் வரவில்லை. விடிந்ததும் கதவுகளைத் திறந்த ஜனங்கள், ஒருவரையொருவர் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தார்கள். பிறகு சாப்பிட்டுவிட்டு, பகலென்றும் பாராமல், தெரு முழுக்க அடித்துப்போட்டதுபோலத் தூங்கியது.

மேட்டம்மா மட்டும் தூங்கவில்லை. புயல் அவள் வீட்டுக்குள் வாரி இறைத்திருந்த மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் இருந்தது, கணவனின் செருப்பில் இருந்தது, தலையணை உறைக்குள் இருந்தது. குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தும், வாளியில் நிரப்பிக்கொண்டு பலகைப் பாதை வழியே போனாள். கடல் கடித்த இடத்தில் மெல்லக் கொட்டி, குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோல உள்ளங்கையால் தட்டிவிட்டாள். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. மேடு லேசாகப் புரண்டு, அந்த மணலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. அவள் வாளியைக் கடலில் அலசிக்கொண்டு, அடுப்பு பற்றவைக்க வீட்டுக்கு நடந்தாள்.