வெள்ளை ஸ்டிக்கரும் இருட்டுப் பெட்டியும்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து சுட்டது. ஆய்வுக்கூடத்தில் என் கண்ணெதிரே சண்டை போட்டவர்கள் என் அக்காவும் மாமாவும். நான் விலக்கிவிடவில்லை. ஓசியில் கிடைக்கும் கதையை எதற்குக் கெடுப்பானேன்?

முதலில் எழுதியபோது முதல் வரி இப்படித்தான் இருந்தது: 'பிரபஞ்சத்தின் ஆழத்திலிருந்து புறப்பட்ட காமாக் கதிர்...'

அக்கா படித்துவிட்டு, "கதிர் இருக்கட்டும், நீ முதல்ல விஷயத்துக்கு வா" என்றாள். வந்துவிட்டேன்.

2

காமாக் கதிர் காற்றில் மோதினால், கண்ணிமைப்பதற்குள் மறையும் ஒரு நீல மினுக்கம் வரும். அதைப் பிடிக்கும் ஒளி உணரியை மாமா செய்கிறார். அதைச் சோதிப்பவள் அக்கா. (மனைவி கையில் கணவனின் பரீட்சைத் தாள். இப்படியெல்லாம் கற்பனை செய்ய எனக்குத் துணிச்சல் கிடையாது.)

இன்று தேறினால் மாமாவின் உணரி தொலைநோக்கியில் ஏறும். தேறாவிட்டால் அவருடைய மூன்று வருட உழைப்பு அலமாரியில் ஏறும்.

3

அக்கா உணரியை ஒளி புகாத பெட்டிக்குள் வைத்து மூடினாள். இருட்டிலும், சூடு காரணமாக உணரி கொஞ்சம் உளறும், அது வழக்கம்தான். ஆனால் இது வாய் ஓயாமல் 'வெளிச்சம், வெளிச்சம்' என்றது.

"உங்க உணரி பொய் சொல்லுது."

"உள்ள வெளிச்சம் இருக்கும்மா."

"நான் மூடின பெட்டியிலயா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு ஒரு... (முதுகைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பாவமாக இருந்தது.)

4

இந்த இடத்தில் பெட்டிக்குள் ஒரு மின்மினியை விட நினைத்தேன். அக்கா முறைத்த முறைப்பில் அது பறந்துவிட்டது. நடந்தது வேறு. அவள் என் காதருகே குனிந்தாள்.

"டேய், அடையாளத்துக்கு உள்ள ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன்டா."

ட்யூப்லைட் வெளிச்சம் பட்ட ஸ்டிக்கர் இருட்டிலும் கொஞ்ச நேரம் மினுங்குமாம். நம் கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். ஸ்டிக்கர்தான் காரணம் என்றால் உணரி எண்ணிச் சொல்லும் மினுக்கங்களின் எண்ணிக்கை போகப்போக அடங்கும். உணரியில் கோளாறு என்றால் அடங்காது.

5

திரையில் எண்ணிக்கையின் கோடு சரிகிறது. மெதுவாக, ஆனால் சரிகிறது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா அழுதாள். அது என் அக்காவே இல்லை. இன்னொன்றில் சத்தமில்லாமல் ஸ்டிக்கரைக் கிழிக்கப் பெட்டியைத் திறந்தாள். வெளிச்சம் புகுந்து உணரி மறுபடி கத்த, சண்டை முதலிலிருந்து தொடங்கியது.

அதனால் அவள் மாமாவிடம் சொல்ல வேண்டிய வசனத்தை நீங்களே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

"..............................."

ஒரே நிபந்தனை, 'மன்னிச்சிடுங்க' மட்டும் வேண்டாம். அக்கா இதைப் படிப்பாள், பழி என் தலையில் விழும்.

கொஞ்சம் சீக்கிரம். மாமா இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.