அம்மா பொம்மையின் விரல்கள்

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடிய இரண்டாவது வருடம், கோவையிலிருந்து ஒரு படக்குழு அதை வாடகைக்கு எடுத்தது. குடும்பத்தோடு பார்க்கும் பொம்மைப் படம். கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகளின் கம்பிவலையைக் கழற்றிவிட்டு, மேலே பலகையில் தேயிலைத் தோட்டம் அமைத்தார்கள். பொம்மை ஆட்டுபவர்கள் தொட்டிக்குள் மல்லாந்து படுத்துக் கையை மட்டும் உயர்த்த வேண்டும். நான் அதே ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தவன். பி.காம். அம்மா பொம்மையின் தலையை ஆட்டினேன்.

அதன் கைகளைத் தைத்து ஆட்டியவள் என் மனைவி வனிதா. கையுறை போல உள்ளே கையை நுழைத்து ஆட்டுவது. தன் கையையே அளவு வைத்தாள். விரல்களில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். கொழுந்து கிள்ளும் பெண்கள் எல்லோரும் சுற்றுவதுதான். படம் பாதியில் இருக்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாளில் போய்விட்டாள். அதன்பின் அந்தக் கைகளுக்குள் அவள் அம்மா வீரம்மாவின் கைகள் மட்டுமே நுழைந்தன.

கடைசிப் பாட்டுக்குக் கேமராவைக் கிட்டத்தில் வைத்தார்கள். டைரக்டர் கிருத்திக் மானிட்டரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க, வெரல்ல கருப்பா என்னமோ சுத்தியிருக்குதே. புண்ணாட்டம் தெரியுது. வெட்டிருங்க."

"டியூப் இல்லாம கிள்ளினா விரல் வெடிச்சிரும் சார்" என்றேன்.

"பொம்மைக்குங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிக்குள்ளிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

"பொம்மைக்கி வலிக்காது தம்பி. டீ குடிக்கிற ஒங்களுக்கும் வலிக்காது."

"அம்மா, படம் பாக்குறவங்க சந்தோசமாப் போகோணுங்க" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

தொட்டியிலிருந்து எழுந்து வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை. ஆள்காட்டி விரலில் கத்தரியை வைத்தபோதுதான் பார்த்தேன். வனிதா டியூபைத் துணியோடு சேர்த்து நெருக்கமாகத் தைத்திருந்தாள். வெட்டினால் விரலும் போகும்.

"வெட்ட முடியாது."

"அப்ப கையவே கழட்டிப் போட்டுட்டு வேற தெச்சுக்கலாம். அதுக்கென்னங்க?"

வனிதாவை எரித்த அன்று எனக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. இப்போது வந்தது. கத்தரிக்கோலை அவர் காலடியில் எறிந்தேன். அது தெறித்துச் செட்டில் பட்டு, பலகைத் தோட்டத்தின் ஒரு வரிசை சரிந்தது.

"கழட்டத்தானே சொன்னீங்க?"

மணிக்கட்டுத் தையலை விரலால் பிய்த்தேன். வீரம்மா உள்ளிருந்து கையை நீட்டிக் கொடுத்தாள். இரண்டு கைகளும் கழன்று என்னிடம் வந்ததும் அவள் எழுந்து புடவையைத் தட்டினாள்.

"வாங்க மருமகன், போவம்."

அன்றோடு எங்கள் இருவரின் வேலையும் போனது.

படம் ஊட்டிக்கு வந்தபோது வீரம்மா பார்க்கணும் என்றாள். கடைசிப் பாட்டில் அம்மா பொம்மை, கைகளை முழங்கை வரை முந்தானையால் மூடிக்கொண்டு, தோட்டத்தில் நின்று சிரிக்கிறது. கூடை நிறையக் கொழுந்து.

வீரம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"கையில்லாம எவடா அதக் கிள்ளுனது?"

முன்வரிசையில் குழந்தைகள் சிரித்தார்கள். யாரோ உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நான் சொல்லவில்லை.