மறுகரை மட்டிகள்

மூன்றாவது வருடமாகச் சித்தப்பா வளர்த்த மட்டிச் சிப்பிகள் செத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வற்றும் நேரத்தில் படுகையில் இறங்கினால் வாய் பிளந்த ஓடுகள்தான் காலை இடறும். கழிமுகத்தின் மறுகரையில் இருந்த அப்பாவின் படுகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நெருக்கி விதைச்சிருப்பான். அவனுக்கு எதுலயும் அவசரம்" என்று அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அது சித்தப்பா காதுக்குப் போய், அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

நான் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் சித்தப்பா ஐஸ் பெட்டியில் அறுபது மட்டிகளோடு வந்தார்.

"உங்கப்பாகிட்ட மூச்சு விடாதம்மா. என்ன எழவுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

வைரஸ் தேடினேன், இல்லை. பாக்டீரியாவிலும் குற்றம் சொல்ல எதுவும் அகப்படவில்லை. பிறகு ஊசியால் ரத்தம் எடுத்தேன். மட்டியின் ரத்தம் தெளிந்த நீர் போல இருக்கவேண்டும். இது பால் கலந்தாற்போல் வந்தது. நுண்ணோக்கியில் உப்பிய செல்கள் மொய்த்துக் கிடந்தன. புற்றுநோய்.

அறுபதில் நாற்பத்தெட்டுக்கும் ஒரே சமயத்திலா? ரத்த செல்களின் டிஎன்ஏவையும் தசையின் டிஎன்ஏவையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தேன். ஒரே மட்டிக்குள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆனால் நாற்பத்தெட்டின் நோய் செல்களும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்தன. எப்போதோ ஒரு மட்டிக்கு வந்த புற்று அது. அந்த மட்டி செத்துவிட்டது. அதன் செல்கள் மட்டும் சாகாமல், தண்ணீர் வழியே மற்ற மட்டிகளுக்குள் புகுந்துகொண்டிருந்தன.

அப்பாவும் சித்தப்பாவும் வளர்ப்பது வெவ்வேறு வகை மட்டிகள். அந்தச் செல்களில் இருந்த ஒரு மரபணு அடையாளம் அப்பா வளர்க்கும் வகைக்கு மட்டுமே உரியது. அவர் படுகையிலிருந்து நூறு மட்டிகளை எடுத்துச் சோதித்தேன். ஏழில் அதே செல்கள். அப்பாவின் வகை அதைத் தாங்கிக்கொண்டது. சித்தப்பாவின் வகையால் முடியவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் புயல் சித்தப்பாவின் படுகையைப் பாதி அரித்துவிட்டது. அப்போது தன் படுகையிலிருந்து நாற்பது மூட்டை மட்டியைத் தானே படகில் ஏற்றிப்போய்க் கொட்டிவிட்டு வந்தவர் அப்பா.

குழாயடியில் காலணியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"நான் குடுத்ததா?" என்றார்.

"யாருக்குமே தெரியாதுப்பா. பார்த்தா தெரியற நோயில்ல."

"அவனத்தானே ஊரெல்லாம் குத்தம் சொன்னேன்." குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன்.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தப்பா வாசலில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?"

"என் மட்டியிலேர்ந்துதான்டா வந்திருக்கு. நான் கொண்டுவந்து கொட்டினது."

சித்தப்பா என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

"போன வருஷம் சொல்லியிருந்தீங்கன்னா சண்டை போட்டிருப்பேன். இப்ப அதுக்கும் தெம்பில்ல" என்றார். "குளிர்பதனக் கிடங்குல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்."

"என் படுகையில பாதிய எடுத்துக்கடா. நான் வந்து விதைச்சுத் தரேன்."

"இல்லப்பா" என்று நான் சொல்லவேண்டியிருந்தது. "இனிமே அங்கேர்ந்து ஒரு மட்டிகூட வெளிய போகக்கூடாது."

அப்பா படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது.

"கொஞ்சம் நகருங்கண்ணே" என்றார் சித்தப்பா. "படகை விலை பேச ஆள் வந்தாச்சு."