அரை மணியில் ஆறிய களிம்பு

மெமோ டைப் ஆகி, மருந்துக் கம்பெனி மேனேஜர் வாசுதேவனின் மேஜைமேல் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"தொட்டுப் பாரு" என்று ஸ்டீல் தட்டை நகர்த்தினார்.

சுப்ரஜா அதிலிருந்த வெள்ளைக் களிம்பைப் புறங்கையில் தடவினாள். வெண்ணெயாக வழுக்க வேண்டியது ரவையாக நெருடியது.

"சொறி, கரப்பான்னு எரிஞ்சிண்டிருக்கிற தோல்ல இதைத் தேய்ச்சா என்ன ஆகும்? இருநூறு கிலோ! ஜிங்க் பொடியைச் சரியா சலிக்கலை. காதர் பாய் நோன்பு அவசரத்துல அப்படியே கொட்டிட்டுப் போயிட்டார். போன மாசம்தான் ஒரு மெமோ. இது ரெண்டாவது. இதோட வேலை காலி."

"பொடிதான்னு எப்படி சார் சொல்றீங்க?"

"அரே, வேற என்ன? நீதானே கெமிஸ்ட், பன்னெண்டு மணிக்குள்ள எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டுடறேன்."

சுவர்க் கடிகாரத்தில் பத்து.

சிஞ்ச்வட் ஊரின் ஜனவரிக் குளிரில், ஸ்வெட்டரை இறுக்கிக்கொண்டு கலவைக் கூடத்துக்குள் நுழைந்தாள். அப்துல் காதர் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் அவள் கொடுத்த எள்ளுருண்டை, பொட்டலத்தோடு அவர் சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் சங்கராந்தி. அவள் குடியிருந்த நிக்டியில் பக்கத்து ஃப்ளாட் மராத்திக்கார அம்மாள், பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் தரும் ஹல்தி குங்குமத்துக்கு அழைத்துக் கொடுத்தது.

"என்ன மேடம், எனக்கு டிக்கெட் கிழிச்சாச்சா?"

"இன்னும் இல்லை பாய். பன்னெண்டு மணிக்குள்ள நான் எழுதிக் குடுக்கணும்."

"ரெண்டு வாட்டி சலிச்சேன். நோன்பு நேரத்துல பொய் சொல்ல மாட்டேன். மத்த நேரத்துல வேணா யோசிக்கலாம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

லேபில் கண்ணாடித் தகட்டின்மேல் துளி களிம்பு. அடியில் ஸ்பிரிட் விளக்கு. பொடியாக இருந்தால் சூட்டில் உருகாது. நெருடல் அப்படியே நிற்கும்.

களிம்பு உருகியது. விரலால் தேய்த்தாள்.

நெருடல் இல்லை!

மறுபடி ஒரு துளி. அதிலும் இல்லை. நெருடியது பொடி அல்ல, மெழுகு.

சுப்ரஜாவுக்குக் காது சூடானது. மெழுகு எப்போது குருணையாகும் என்று அவளுக்குத் தெரியும். வாசலினோடு உருக்கிய மெழுகைக் கிளறிக்கொண்டே, தானாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால், பாத்திரத்தின் சுவரில் மெழுகு முதலில் உறைந்துவிடும். இயந்திரத்தின் கிளறும் கை அதைச் சுரண்டிச் சுரண்டிக் களிம்பில் சேர்க்கும்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, நோன்பு திறக்க அனுமதி வாங்கிக்கொண்டு காதர் கிளம்பிப் போனார். கூடத்தில் அவள் மட்டும். களிம்பு ஆற ஏழு மணியாகும். ஐந்து நாற்பதுக்கு நிக்டி பஸ். ஆறரைக்கு ஹல்தி குங்குமம், புதுப் புடவை. பாத்திரத்தின் இரட்டைச் சுவருக்கு நடுவே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஜில்லென்ற ஜனவரித் தண்ணீர். அரை மணியில் வேலை முடிந்தது.

பேட்ச் ரெக்கார்டைப் புரட்டினாள். 'தானாக ஆறியது. முடிந்த நேரம் 7.05.' அவளுடைய கையெழுத்துதான். ஏழு ஐந்துக்கு அவள் நிக்டியில் எள்ளுருண்டை தின்றுகொண்டிருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. 'பொடி' என்று எழுதினால் முடிந்தது.

பதினொன்றே முக்காலுக்கு வாசுதேவன் முன்னால் போய் நின்றாள்.

"சார், பொடி இல்லை. மெழுகு. தண்ணியைத் திறந்து விட்டது நான்."

வாசுதேவன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயா? ஏழு அஞ்சுன்னு எழுதியிருக்கே?"

"அப்ப நான் வீட்டுல இருந்தேன். அதுவும் பொய்."

பேனாவை எடுத்து, மெமோவில் காதரின் பெயரை அடித்தார்.

"டைப் அடிச்சது வீணாகலை. பேரை மட்டும் மாத்தினா போதும். பேட்சைக் காப்பாத்த முடியுமா?"

"இன்னும் ட்யூப்ல அடைக்கலை சார். திரும்ப உருக்கி, மெதுவா ஆற விட்டா சரியாயிடும்."

"நீயே நின்னு பண்ணு. காலைல நான் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம்தான் உன் வேலையைப் பத்திப் பேசணும்."

ஐந்து நாற்பதுக்கு வாசலில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சுப்ரஜா தெர்மாமீட்டரைவிட்டு நகரவில்லை. காதரும் வீட்டுக்குப் போகவில்லை.

"நீங்க கிளம்புங்க பாய். நோன்பு திறக்கணுமே."

"இங்கயே திறந்துக்கறேன். நேத்து நம்பி விட்டுட்டுப் போனது போதும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆறு இருபதுக்குக் காதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து, எள்ளுருண்டையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"காலைல வந்தப்ப அந்தத் தண்ணி வால்வு சொட்டிக்கிட்டு இருந்துச்சு மேடம். நாந்தான் இறுக்கி மூடினேன்."

சுப்ரஜா நிமிர்ந்தாள். "அப்ப உங்களுக்குத் தெரியுமா? ஏன் சார்கிட்ட சொல்லலை?"

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருந்துச்சே."

"நான் சொல்லியிருக்கலைன்னா?"

"பன்னெண்டு அஞ்சுக்கு நான் போயிருப்பேன். மூணு பிள்ளைங்க மேடம் எனக்கு."

கிளறும் கை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்று. சுப்ரஜா ரெக்கார்டைத் திறந்தாள். கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, நேரத்தை எழுதினாள்.