பன்மையில் வருந்துதல்

எங்கள் தெரு வடிகால் பள்ளத்தில் யாராவது விழுந்தால் வருந்துவது என் வேலை. அறிவிப்புப் பலகையில் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று பன்மையில் எழுதியிருப்பதால் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். என்னோடு வருந்தியவர் இருதயராஜ். சுளுக்கு என்றால் உட்கார்ந்தபடியே வருந்துவோம், எலும்பு முறிந்தால் எழுந்து நிற்போம். அதில் நாங்கள் குறை வைத்ததில்லை.

எதிரே தையல் கடை வைத்திருக்கும் மெஹருன்னிசாவின் அத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. தினமும் அசர் தொழுகைக்குப் பள்ளத்தின் மேல் கிடந்த ஒற்றைக் கட்டையில் நடந்துதான் போவார். அவள் பொறியாளர் தணிகைவேலிடம் தடுப்பு கேட்டாள்.

"தடுப்பு வச்சா யாரும் விழமாட்டாங்கம்மா. அப்புறம் இவங்க ரெண்டு பேரும் எதுக்கு வருந்துறது?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

ஆடியில் இருதயராஜை மேம்பால வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வருத்தம் அதிகம். ஒருவர் மட்டும் வருந்தினால் செல்லாது என்பதால், யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று தணிகைவேல் பதறிப்போனார். ஒரு மணி நேரத்தில் பள்ளத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு நின்றது. கைப்பிடியோடு நடைபாலமும் வந்தது. அத்தா கைப்பிடியைத் தடவிக்கொண்டே போய்வந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. வேலை நேரத்தில் அப்படி ஆகக் கூடாது.

திங்கட்கிழமை இன்னொரு ஆள் சேர்வதாக ஆணை வந்தது. அன்றே தடுப்பைக் கழற்ற லாரியும் வரும்.

"அண்ணே, நீங்க ஒருத்தராவே இருந்திடுங்களேன்," என்றாள் மெஹருன்னிசா.

வந்தவர் பெயர் குப்பாண்டி. நல்ல தேர்ச்சி. தணிகைவேல், "ம், சேர்ந்து ஆரம்பிங்க," என்றதுமே குப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. லாரி ஆட்கள் ஸ்பானரோடு இறங்கினார்கள். அத்தா நடைபாலத்தில் பாதியில் வந்துகொண்டிருந்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"என்னய்யா, சிரிக்கிற?"

"வருத்தம் வரலை சார்."

தணிகைவேல் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டு லாரியைத் திருப்பி அனுப்பினார். தடுப்பு இன்னும் நிற்கிறது.

சிரிப்பவன் என்பதால் என்னை ஊர் எல்லைக்கு மாற்றியிருக்கிறார்கள். 'நன்றி, மீண்டும் வருக' பலகைக்குக் கீழே நிற்கிறேன். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த பிறகு நான் வீட்டுக்குப் போகலாம். நேற்று ஒரு தண்ணீர் லாரி திரும்பி வந்தது.