பத்திரத்துப் பிறந்தநாள்

எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வட்டக்கச்சியில் என்னிடம் உழவியந்திரம் திருத்த வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பந்துப் பைத்தியம் என்றுதான் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் விழுந்து கிடக்கிற தோர்ண்பி றோவர்ஸ் என்ற கழகத்துக்காகச் சனிக்கிழமைகளில் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வீட்டுக்கு ஓடுகிறேன். அதன் கோல் காப்பாளருக்கு எந்த முழங்காலில் நோ என்பது எனக்குத் தெரியும். என் முழங்காலுக்கு மருந்தெடுக்கத்தான் நேரமில்லை.

அந்தக் கழகத்தைப் பிடித்தது அண்ணாவுக்கு. சஜீவன் அவன் பெயர்.

தொண்ணூற்றெட்டில் நாங்கள் இடம்பெயர்ந்து உடையார்கட்டில் கொட்டில் போட்டு இருந்தோம். வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணாவுக்குப் பதினெட்டு. சனிக்கிழமைகளில் அவன் பி.பி.சி.யின் ஆங்கிலச் சேவையில் ஆட்ட முடிவுகள் கேட்பான். அவனுக்கு விளங்கியது பெயர்களும் எண்களும் மட்டும்தான். என் கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். உடனே "சுத்தடா" என்பான்.

"உலகத்தில வெல்லுற கழகம் எத்தினை கிடக்கு. இந்தத் தோல்வியாண்டியளை எங்க பிடிச்சனி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"றோவர்ஸ் எண்டால் இருக்க இடமில்லாமல் ஊரூராத் திரியிற ஆக்களாம். அப்ப எங்கட ஆக்கள்தானே," என்றான்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், யுத்தம் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலம் கடந்து வந்த பிறகு, இராணுவம் பெயர் பதியக் கூப்பிட்டது. அண்ணா போய் ஒரு பஸ்ஸில் ஏறினான். யன்னலால் அம்மாவுக்குக் கை காட்டினான். பதினேழு வருடம் ஆகப்போகிறது. அந்த பஸ் எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் படிவம் நிரப்புகிறவன் ஆனேன். எத்தனை ஆணைக்குழு, எத்தனை அரசாங்கக் கந்தோர். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. கேட்டவுடன் கை தானாக எழுதும், மூளை தேவையில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள்: மரணப் பத்திரம் எடுங்கோ. அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழும்பி வந்துவிடுவார்.

எல்லாப் படிவத்திலும் அண்ணாவின் பிறந்த திகதி தை பதினாலு (எங்கள் பேச்சில் தை என்றால் ஜனவரி, ஆவணி என்றால் ஓகஸ்ட்). அது பொய். அவன் பிறந்தது அதே வருடம் ஆவணி பதினேழு. பிந்திப் பதியப் போன ஐயா, தன் பிள்ளையை ஒரு வருடம் முந்திப் பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று கணக்குப் பார்த்து, நினைவில் நிற்கத் தோதாகப் பொங்கல் நாளைச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் இப்படிப் பத்திரத்துக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாகப் பிறந்தநாள் உள்ளவர்கள் அனேகம். ஆவணி பதினேழு வந்தால் அம்மா இன்றைக்கும் பாயாசம் வைப்பார். தை பதினாலைப் பற்றி வீட்டில் கதையே கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் கைபேசியில் தோர்ண்பி என்று தட்டிப் பார்த்தேன். கழகம் சாகவில்லை. இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. நேரடி வர்ணனை கேட்கத் தொடங்கினேன். ஒரு ஆட்டம் என்றிருந்தது எல்லா ஆட்டமும் ஆனது. அவர்கள் தோற்ற கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்காது. போன வருடம் கடல் கடந்த ஆதரவாளர்களுக்கென்று ஒரு படிவம் விட்டார்கள். நான் என் பெயரை எழுதத்தான் குந்தினேன். கை அண்ணாவின் பெயரை எழுதியது. பிறகு பிறந்த திகதி, முகவரி. எப்போதிருந்து ஆதரவாளர் என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் அவனுடைய வருடம்தான் பொருந்தியது. அழிக்க மனம் வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வர்ணனை கேட்கும்போது சிக்னல் விழுந்து குரல் இறங்கினால், முதுகுக்குப் பின்னாலிருந்து "சுத்தடா" என்று கேட்கும். என் வலது கை மடியில் தானாகச் சுற்றத் தொடங்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்ததைக் கண்ணால் கண்டு முடித்துவைக்க எனக்குப் பயம்.

போன சனிக்கிழமை ஆட்டம் எங்கள் நேரம் ஆறு மணிக்கு. ஐந்து மணிபோல் வந்துகொண்டிருந்தேன். ஒழுங்கை முகப்பில் நபீஸா ரீச்சர் மறித்தார். முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே ஆங்கிலம் படிப்பிக்கிறவர். எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருக்கிறார்.

"தம்பி, உங்கட அம்மா செருப்பும் போடாமல் ஓடி வந்தவா," என்றார். "சஜீவன்ர பேருக்கு இங்கிலாந்தில இருந்து கடிதம் வந்திருக்காம். பிள்ளை உயிரோட இருக்கிறான், வாசிச்சுச் சொல்லுங்கோ எண்டு கையைப் பிடிச்சவா."

தபாலில் ஏதும் வரும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

"என்ன சொன்னனீங்கள், ரீச்சர்?"

"உள்ளதைத்தான் சொன்னனான். ஒரு கழகத்தின்ர பிறந்தநாள் வாழ்த்து மட்டை. நாப்பத்தாறு வயசாகுதெண்டு வாழ்த்தியிருக்கினம். திகதியைத் தொட்டுக் காட்டினன். அதை உத்துப் பார்த்தவா. வாங்கிக்கொண்டு மெதுவாப் போயிட்டா."

நாற்பத்தாறு. நாங்கள் அவனை இருபத்தெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தோம். எனக்கு நாற்பது நடக்கிறது. சில வருடங்களாக அவன் எனக்குத் தம்பியாகிக்கொண்டிருந்தான், அது எனக்கு ஒவ்வொரு நாளும் வலித்தது. முன்பின் தெரியாத அந்தக் கழகத்தின் கணினி அவனை மறுபடியும் எனக்கு அண்ணா ஆக்கியிருந்தது. ஆனால் அதற்காக அம்மாவின் நெஞ்சில் கத்தி வைத்துவிட்டேனே என்று என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அம்மா கதிரையில் இருந்தார். மட்டை மடியில் இருந்தது. காலில் புழுதி அப்படியே இருந்தது. நான் நிலத்தில் குந்தினேன்.

"அம்மா, அது நான் செய்த வேலை. அண்ணான்ர பேரில நான்தான் பதிஞ்சனான்."

"தெரியும்," என்றார்.

"ரீச்சர் சொன்னவாவோ?"

"அவாவுக்கு என்ன தெரியும். அவன் குடுத்திருந்தால் ஆவணி பதினேழெண்டு குடுத்திருப்பான். தை பதினாலு கந்தோருக்குக் குடுக்கிற திகதி. அதைக் காவிக்கொண்டு திரியிறது நீதானே."

அம்மா தன் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்சயிருந்து ரீச்சர் வீடு நாலு வளவு. அவ்வளவு தூரமும் எனக்குப் பிள்ளை இருந்தவன்."

நான் அழுதுவிட்டேன். "பேரை வெட்டச் சொல்லி எழுதிவிடுறன் அம்மா," என்றேன்.

"வெட்டாதை." மட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "எல்லாரும் செத்ததுக்குத்தான் பத்திரம் தாறம் எண்டாங்கள். பிறந்ததுக்கு மட்டை அனுப்பினது இவங்கள் மட்டும்தான். திகதியை மாத்திவிடு. அடுத்த முறை சரியான நாளுக்கு வரட்டும்." பிறகு அடுப்பு மூட்டக் குசினிக்குள் போனார்.

கைபேசியில் கழகத்தின் தளத்துக்குப் போய் அண்ணாவின் பதிவைத் திறந்தேன். பதினேழு வருடமாக எழுதிப் பழகிய கை தை பதினாலை விட மறுத்தது. ஒவ்வொரு எண்ணாக அழித்து ஆவணி பதினேழைப் போட்டேன். அதற்குள் ஆட்டம் தொடங்கியிருந்தது. வர்ணனையைப் போட்டேன். கால்மணி நேரத்துக்குள் றோவர்ஸ் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள், வழமைபோல.

சிக்னல் விழுந்தது. குரல் இறங்கிக்கொண்டே போனது. முதுகுக்குப் பின்னால் கேட்டது:

"சுத்தடா."

இந்த முறை திரும்பிப் பார்த்தேன். குசினி வாசலில் அம்மா நின்றார். மடியில் சுற்றிக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் கையை நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதை, ராசா," என்றார்.